குருதி எங்கே போயிற்று?

கோடை தொடங்குவதற்கு முன்னரே ஓர் ஊரின் ஏரிநீர் சில நாட்களில் பாதியாகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அனுபவம் மிக்க உழவர் உடனே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கரையை அடைக்கப் புறப்பட்டுவிட மாட்டார். முதலில் மூன்று செய்திகளை ஆராய்வார். கரையோ மதகோ உடைந்து நீர் வெளியே ஓடிவிட்டதா? வரத்துக் கால்வாய் அடைபட்டு நீர் வருவது நின்றுவிட்டதா? அல்லது ஏரிக்குள்ளேயே ஒரு பெரும் பள்ளம் ஏற்பட்டு நீரைத் தனக்குள் இழுத்துத் தேக்கிக்கொண்டதா? காரணம் எதுவாயினும் கரைமேல் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: நீர்மட்டம் தாழ்ந்திருக்கிறது. ஆனால் செய்யவேண்டிய பரிகாரமோ மூன்றுக்கும் வெவ்வேறு.

மனித உடலிலும் இவ்வாறு நிகழ்வதுண்டு. நேற்றுவரை பள்ளிக்குச் சென்று வந்த சிறுவன் ஒருவன் இன்று வெளிறிப் படுத்திருக்கிறான், மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. சோதித்துப் பார்த்தால் குருதியிலுள்ள செவ்வணுக்களின் அளவு பாதியாகிவிட்டது. காயம் இல்லை, ஒரு சொட்டுக் குருதியும் வெளியே சிந்தவில்லை. பின் அந்தக் குருதி எங்கே போயிற்று? பிறவியிலேயே ஹீமோகுளோபினில் குறையுடையவர்களுக்கு நேரும் இந்தத் திடீர் விபத்தைப் பற்றியே இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

முதலில், நலமுள்ள உடலின் வரவு செலவுக் கணக்கைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி ஓடுகிறது. அதில் சற்றேறக்குறைய 25 இலட்சம் கோடிச் செவ்வணுக்கள் மிதக்கின்றன. ஒவ்வோர் அணுவும் சுமார் 120 நாட்கள் உயிர்வாழ்ந்து, நுரையீரலிலிருந்து பிராணவாயுவைச் சுமந்து உடலெங்கும் கொண்டு சேர்த்துவிட்டு, இறுதியில் மூப்படைந்து மடிகிறது. மூத்த அணுக்களைப் பெரும்பாலும் மண்ணீரலும் கல்லீரலும் அப்புறப்படுத்திவிடுகின்றன. மடிந்தவற்றுக்கு ஈடாக எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு விநாடியும் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புதிய அணுக்களை உண்டாக்கி அனுப்புகிறது. வரவும் செலவும் ஒத்திருப்பதால் மட்டம் மாறுவதில்லை.

இச்செவ்வணு ஒவ்வொன்றினுள்ளும் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நெருக்கமாக அடைந்திருக்கின்றன. குருதிக்குச் செந்நிறம் தருவதும், பிராணவாயுவைப் பற்றிச் செல்வதும் இந்த ஹீமோகுளோபின்தான். நான்கு புரதச் சங்கிலிகள் சேர்ந்து ஒரு மூலக்கூறு ஆகிறது. அவற்றுள் இரண்டு ஆல்பாச் சங்கிலிகள். இரண்டு பீட்டாச் சங்கிலிகள். ஆல்பாச் சங்கிலியில் 141 அமினோ அமிலங்களும், பீட்டாச் சங்கிலியில் 146 அமினோ அமிலங்களும் மணிகளைப் போலக் கோக்கப்பட்டிருக்கின்றன. எந்த இடத்தில் எந்த மணி வரவேண்டும் என்பதைப் பெற்றோரிடமிருந்து நாம் பெறும் மரபணுக்கள் வகுத்திருக்கின்றன. ஒரே ஒரு மணி மாறினால் என்ன ஆகும்? பல வேளைகளில் ஒன்றும் ஆவதில்லை. சில வேளைகளிலோ வாழ்நாள் முழுவதும் துன்பம் நேர்கிறது.

1910-ஆம் ஆண்டில் சிகாகோ நகர மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் என்பவர் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார். கிரெனடாத் தீவினின்று வந்து பல் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த மாணவர் ஒருவரின் குருதியை நுண்பெருக்காடியில் வைத்துப் பார்த்தபோது, வட்டமாக இருக்கவேண்டிய செவ்வணுக்களிற் பல, கதிர் அறுக்கும் அரிவாளைப்போல் வளைந்து நீண்டிருந்தன. இந்நோய் பின்னர் அரிவாள் அணுச் சோகை என்று பெயர் பெற்றது. 1949-இல் லைனஸ் பாலிங் என்னும் புகழ்பெற்ற இரசாயன அறிஞரும் அவருடைய தோழர்களும் இந்நோயாளரின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு விதமாக நகர்வதைக் கண்டு, நோயின் வேர் ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே இருக்கிறது என்று நிறுவினர். கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த வெர்னன் இங்கிரம் 1956, 1957-ஆம் ஆண்டுகளில் அவ்வேர் இன்னது என்றே காட்டிவிட்டார். பீட்டாச் சங்கிலியின் ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்கவேண்டும். நோயாளரிடம் அவ்விடத்தில் வாலின் இருந்தது. 146 மணிகளில் ஒரு மணியே மாறியிருந்தது!

அந்த ஒரு மணி மாறியதன் விளைவைக் கேளுங்கள். பிராணவாயுவை ஏந்தியிருக்கும்வரை இந்த ஹீமோகுளோபின் பிறவற்றைப் போலவே நடந்துகொள்கிறது. பிராணவாயுவை இறக்கிவைத்த பிறகோ, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீண்ட விறைத்த நார்களாகத் திரண்டுவிடுகின்றன. அந்நார்கள் உள்ளிருந்து நெருக்குவதால் அணு அரிவாள் வடிவம் அடைகிறது. மீண்டும் நுரையீரலை அடைந்து பிராணவாயு பெற்றால் நார்கள் கரைகின்றன. அணு பழைய உருவத்தைப் பெறுகிறது. இவ்வாறு வளைந்தும் நிமிர்ந்தும், நிமிர்ந்தும் வளைந்தும் அதன் மெல்லிய உறை பழுதடைகிறது. 120 நாட்கள் வாழவேண்டிய அணு 10 முதல் 20 நாட்களுக்குள் உடைந்துபோகிறது.

ஆகவே, அரிவாள் அணு நோயாளியின் உடல் எப்போதும் மதகு ஒழுகும் ஏரியைப் போன்றது. மஜ்ஜை இயல்பைவிடப் பன்மடங்கு உழைத்து அணுக்களை வார்த்துக்கொண்டே இருப்பதால்தான் ஏரி வற்றாமல் இருக்கிறது. நலமுள்ளவர்களுக்கு 100 மில்லி லிட்டர் குருதியில் 12 முதல் 16 கிராம் ஹீமோகுளோபின் இருக்குமானால், இவர்களுக்கு 7 அல்லது 8 கிராம் அளவே இருக்கும். அந்தத் தாழ்ந்த மட்டத்துக்குப் பழகி இவர்கள் படிக்கிறார்கள், பணியாற்றுகிறார்கள். உடைந்த அணுக்களிலிருந்து பிறக்கும் மஞ்சள் நிறப் பித்தப்பொருள் மிகுவதால் இவர்களுடைய கண்களில் மஞ்சள் படர்ந்திருப்பதுண்டு. வகுப்பில் இத்தகைய தோழன் ஒருவன் இருந்தால், தொற்றும் காமாலையோ என்று அஞ்சி விலகுவோர் இருக்கிறார்கள். அது தொற்றக்கூடியதன்று; அவனோடு உண்ணலாம், விளையாடலாம். அக்கண்களின் மஞ்சள், அவன் உடல் நாள்தோறும் நடத்தும் போராட்டத்தின் அடையாளமே.

இனித் திடீர் வீழ்ச்சிக்கு வருவோம். உழவர் ஆராய்ந்த மூன்று வழிகளையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, கரை உடைதல். அதாவது, செவ்வணுக்கள் வழக்கத்தைவிடப் பன்மடங்கு விரைவாக அழிதல். கடுமையான காய்ச்சலும் தொற்றுநோயும் இதற்குக் காரணமாகலாம். மலேரியாவும் இதனை விளைவிக்கும். அணுக்கள் பெருந்தொகையாக உடையும்போது அவற்றினுள் இருந்த ஹீமோகுளோபின் குருதிநீரில் கலக்கிறது. சிதறிய ஹீமோகுளோபினைப் பற்றி அப்புறப்படுத்துவதற்கென்றே குருதிநீரில் ஒரு புரதம் உண்டு. அதன் ஆற்றலுக்கு மேற்பட்டுவிட்டால், மிஞ்சிய ஹீமோகுளோபின் சிறுநீரகங்களின் வழியே வெளியேறுகிறது. அப்போது சிறுநீர் பால் கலவாத தேநீரைப்போலக் கறுத்துக் காணப்படும். கண்ணின் மஞ்சளும் திடீரென மிகும். சிதறிய ஹீமோகுளோபின் வேறொரு கேட்டையும் செய்கிறது. குருதிக் குழாய்களை விரிந்த நிலையில் வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்னும் பொருளை அது விழுங்கிவிடுகிறது. அதனால் குழாய்கள் சுருங்குகின்றன, சிறுநீரகங்களும் தீங்குறுகின்றன. அணு உடைவதால் நேரும் நட்டம் ஒன்று. உடைந்த அணுவின் சரக்கு கொட்டிச் செய்யும் நட்டம் மற்றொன்று.

மருந்தினாலும் இத்தகைய அழிவு நேர்வதுண்டு. இதற்குச் சிறந்த சான்று சுவிட்சர்லாந்திலுள்ள ஜூரிச் நகரிலிருந்து கிடைத்தது. ஒரு குடும்பத்தைச் சேர்ந்த தந்தையும் மகளும் சல்பா வகை மருந்தை உட்கொண்டபின் அவர்களுடைய செவ்வணுக்கள் பெருவாரியாக அழிந்தன. ஆராய்ந்தபோது அவர்களிடம் அதுவரை அறியப்படாத ஒரு ஹீமோகுளோபின் இருப்பது 1960-இல் வெளியாயிற்று. அந்நகரின் பெயராலேயே அதனை ஜூரிச் ஹீமோகுளோபின் என்கிறார்கள். பீட்டாச் சங்கிலியின் 63-ஆம் இடத்தில் ஹிஸ்டிடினுக்குப் பதிலாக ஆர்ஜினின் அமைந்திருந்ததே குறை. அவ்விடம், பிராணவாயுவைப் பற்றும் இரும்புச் சத்துக்குக் காவல் நிற்கும் இடம். காவல் தளர்ந்ததால், சாதாரண நாட்களில் அமைதியாக இருந்த ஹீமோகுளோபின் சல்பா மருந்தினால் சிதைந்து, அணுவினுள் கட்டிகளாகப் படிந்தது. கட்டி படிந்த அணுக்கள் அழிந்தன. பலருக்கு நலம் செய்த மருந்து, ஒரே ஒரு மணி மாறியிருந்த காரணத்தால் இவர்களுக்குக் கேடாயிற்று. தென்கிழக்கு ஆசிய நாடுகளில் மிகுதியாகக் காணப்படும் ஹீமோகுளோபின் எச் என்னும் பிறவிக் குறையிலும் இப்படியே. காய்ச்சலோ, ஒவ்வாத மருந்தோ அணுக்களைத் திடீரென அழித்துவிடக்கூடும்.

இரண்டாவது வழி, வரத்துக் கால்வாய் அடைபடுதல். மஜ்ஜை சில நாட்கள் வேலைநிறுத்தம் செய்துவிட்டால் என்ன ஆகும்? பார்வோ வைரஸ் என்னும் ஒரு நுண்கிருமி உண்டு. 1975-இல் இலண்டனில் யுவோன் காசர்ட் என்னும் அம்மையாரும் அவருடன் பணியாற்றியவர்களும் குருதி மாதிரிகளைச் சோதித்துக்கொண்டிருந்தபோது இது அகப்பட்டது. பி என்னும் தொகுதியில் 19-ஆவது மாதிரியில் கிடைத்தமையால் பி 19 என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. நலமுள்ள சிறுவர்களிடம் இது சிறு காய்ச்சலையும், அறைந்தாற்போன்ற கன்னச் சிவப்பையும் உண்டாக்கிவிட்டுப் போய்விடும். ஆனால், மஜ்ஜையில் செவ்வணுக்களாக வளரவேண்டிய இளங்கருக்களுக்குள் புகுந்து அவற்றை அழிப்பது இதன் இயல்பு. ஆகவே ஒரு வாரம் அல்லது பத்து நாட்கள் புதிய செவ்வணுக்கள் உண்டாவதில்லை.

இங்கே சிறிது கணக்குப் போட்டுப் பாருங்கள். நலமுள்ளவனுடைய அணு 120 நாட்கள் வாழ்கிறது. எட்டு நாட்கள் வரவு நின்றால் அவன் இழப்பது பதினைந்தில் ஒரு பங்குதான். அதனை அவன் உணர்வதுகூட இல்லை. அரிவாள் அணு நோயாளியின் அணுவோ சுமார் 16 நாட்களே வாழ்கிறது என்று கொண்டால், அதே எட்டு நாட்களில் பாதிக் குருதி போய்விடுகிறது! கிருமி ஒன்றே, வரவு நின்ற நாட்களும் ஒன்றே, எனினும் ஒருவனுக்கு அது கன்னச் சிவப்பு, மற்றவனுக்கு உயிராபத்து. 1981-இல் இவ்வைரஸே இத்தகைய வீழ்ச்சிக்குக் காரணம் என்பது தெளிவாயிற்று. ஒரு வீட்டில் இரு குழந்தைகளுக்கு இந்நோய் இருந்தால், இருவரும் சில நாட்கள் இடைவெளியில் அடுத்தடுத்து வீழ்ச்சியுறுவதும் உண்டு. தொற்றும் கிருமியினால் நேர்வதன்றோ! ஒருமுறை வந்துபோனபின் உடல் எதிர்ப்பாற்றல் பெற்றுவிடுவதால், மறுமுறை வருவது மிக அரிது.

மூன்றாவது வழி, ஏரிக்குள்ளேயே பள்ளம் விழுதல். இது பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நேர்வது. வளைந்த அணுக்கள் மண்ணீரலில் சிக்கி, வெளியேறும் வழியை அடைத்துவிடுகின்றன. குருதி உள்ளே போகிறது, திரும்பி வருவதில்லை. சில மணி நேரத்தில் மண்ணீரல் வீங்கி, இடப்பக்க விலா எலும்புக்குக் கீழே கல்லைப்போல் கைக்குத் தட்டுப்படும். குழந்தை வெளிறிச் சோர்ந்துவிடும். அணுக்கள் அழியவும் இல்லை. வரவு நிற்கவும் இல்லை. இருந்தும் ஓடவேண்டிய குருதி ஓடவில்லை. காலந்தாழ்த்தினால் குழந்தை பிழைப்பது அரிது.

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஜமைக்காவில் இதன்பொருட்டு மேற்கொண்ட முயற்சி நாம் அறிந்து போற்றத்தக்கது. கிங்ஸ்டன் நகரின் விக்டோரியா ஜூபிலி மருத்துவமனையில் 1973 முதல் 1981 வரை பிறந்த 1,00,000 குழந்தைகளின் குருதியைச் சோதித்து, நோயுள்ள குழந்தைகளைப் பிறந்தவுடனே கண்டறிந்தார்கள். பின்னர் அக்குழந்தைகளின் தாய்மார்களுக்கு ஓர் எளிய பாடம் கற்பித்தார்கள். குழந்தையின் வயிற்றின் இடப்புறத்தைத் தடவிப் பார்த்து மண்ணீரலின் அளவை அறிவது எப்படி என்பதே அப்பாடம். வீக்கம் கண்டால் உடனே மருத்துவமனைக்கு எடுத்து வரவேண்டும். விலையுயர்ந்த கருவி ஏதுமில்லை. தாயின் விரல்களே கருவி. அப்பயிற்சிக்குப் பின் இவ்விபத்தினால் இறக்கும் குழந்தைகளின் விகிதம் பெரிதும் குறைந்தது. அறிவு ஆய்வுக்கூடத்திலிருந்து வீட்டு வாயிலுக்கு வந்தால் எத்துணை உயிர்களைக் காக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா?

இம்மூன்றையும் மருத்துவர் எவ்வாறு வேறுபடுத்தி அறிகிறார்? மஜ்ஜையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த இளஞ்செவ்வணுக்களைத் தனியே எண்ணிப் பார்க்கும் ஒரு முறை உண்டு. நலமுள்ளவர்களிடம் நூற்றில் ஒன்றோ இரண்டோ அணுக்கள் இவ்வாறு இளமையாக இருக்கும். அரிவாள் அணு நோயாளிகளிடம் வழக்கமாகவே இத்தொகை மிகுதி. திடீர் வீழ்ச்சியின்போது இளஞ்செவ்வணுக்கள் இன்னும் பெருகி, கண்ணின் மஞ்சளும் மிகுந்து, சிறுநீரும் கறுத்திருந்தால், கரை உடைந்திருக்கிறது என்று பொருள். இளஞ்செவ்வணுக்கள் அறவே மறைந்திருந்தால், கால்வாய் அடைபட்டிருக்கிறது. இளஞ்செவ்வணுக்கள் நிறைந்திருக்க, மண்ணீரலும் வீங்கியிருந்தால், பள்ளம் விழுந்திருக்கிறது.

இந்தப் பகுப்பு ஏட்டுச்சுரைக்காய் அன்று. இதில்தான் உயிர் ஊசலாடுகிறது. மஜ்ஜை ஓய்ந்திருந்தால், அது மீண்டும் விழித்தெழும்வரை பிறர் குருதியை ஏற்றினால் நோயாளி பிழைத்துக்கொள்வான். மண்ணீரல் குருதியைத் தேக்கியிருந்தால், குருதியை உடனே ஏற்றவேண்டும்; ஆனால் சிறுகச் சிறுகத்தான் ஏற்றவேண்டும். ஏனெனில், வீக்கம் வடியும்போது மண்ணீரல் தான் தேக்கிய குருதியைத் திருப்பித் தந்துவிடும். அப்போது குருதி அளவுக்கு மிஞ்சிக் கெட்டியாகிவிடக்கூடும். முதல் வகையிலோ, எதனால் அணுக்கள் அழிகின்றன என்று கண்டு அதனை நீக்கவேண்டும். கிருமியானால் அதற்கு மருந்து தரவேண்டும். ஒவ்வாத மருந்தானால் அதனை நிறுத்தவேண்டும்.

முதல் வகையில் ஒரு கொடிய விசித்திரமும் உண்டு. சில வேளைகளில், உயிர் காக்க ஏற்றிய குருதியே கரையை உடைத்துவிடுகிறது. குருதி வகை என்றால் ஏ, பி, ஓ என்னும் பிரிவுகளையே நாம் நினைக்கிறோம். அவற்றையன்றி ரீசஸ், கெல், கிட், டஃபி முதலிய பல உட்பிரிவுகள் உள்ளன. ஏற்றிய குருதியில் தன்னிடம் இல்லாத ஓர் உட்பிரிவு இருப்பதை உடல் கண்டுகொண்டால், அதற்கெதிராக எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. காலப்போக்கில் அவ்வெதிர்ப்பொருள் குறைந்து சோதனைக்கு அகப்படாமல் மறைந்துவிடுவதுண்டு. ஆனால் உடல் அதனை மறப்பதில்லை! சில ஆண்டுகளுக்குப் பின் அதே உட்பிரிவுள்ள குருதியை மீண்டும் ஏற்றினால், ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் எதிர்ப்பொருள் பொங்கியெழுந்து ஏற்றிய அணுக்களை அழிக்கிறது. அரிவாள் அணு நோயாளர் சிலரிடம், இந்தப் போரில் அவர்களுடைய சொந்த அணுக்களும் சேர்ந்து அழிந்துபோகின்றன. குருதி ஏற்றுவதற்கு முன்பிருந்த மட்டத்துக்கும் கீழே ஏரி இறங்கிவிடுகிறது. இதனை அறியாமல், குருதி குறைந்துவிட்டதே என்று மேலும் மேலும் ஏற்றினால், எரியும் நெருப்பில் நெய் வார்த்ததாக முடியும். அந்நிலையில் உயிருக்கு ஆபத்து நேர்ந்தாலன்றிக் குருதி ஏற்றுவதைத் தவிர்த்து, உடலின் சீற்றத்தைத் தணிக்கும் மருந்துகளை மருத்துவர்கள் தருகிறார்கள்.

ஆகவே, பலமுறை குருதி ஏற்றிக்கொண்டவர்கள் எப்போது, எங்கே ஏற்றிக்கொண்டார்கள், சோதனையில் என்ன எதிர்ப்பொருள் தெரிந்தது என்னும் குறிப்பை ஓர் அட்டையில் எழுதித் தம்முடன் வைத்திருப்பது நலம். புதிய ஊரில், புதிய மருத்துவர்முன், பேச முடியாத நிலையில் கிடக்கும்போது அந்தச் சிறு அட்டையே அவருக்காகப் பேசும்.

இத்துணைத் துன்பம் தரும் குறை ஏன் உலகில் நிலைத்திருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணுவைப் பெற்றவனுக்கே நோய் உண்டாகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவன் பெரும்பாலும் நலமாகவே வாழ்கிறான். அவனைக் குறை தாங்கி என்று சொல்லலாம். 1954-இல் அந்தோணி ஆலிசன் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து, குறை தாங்கிகளைக் கொடிய மலேரியா எளிதில் வீழ்த்துவதில்லை என்று காட்டினார். மலேரியா மிகுந்த நாடுகளில் இக்குறை தலைமுறை தலைமுறையாக நிலைத்ததன் காரணம் அதுவே. ஆனால் இரு பக்கமும் குறையைப் பெற்று நோயாளியானவனுக்கோ மலேரியா பெரும் பகை. ஒற்றையாக வந்தபோது கேடயமாக இருந்தது, இரட்டையாக வந்தபோது வாளாகிவிடுகிறது.

இது எங்கோ ஆப்பிரிக்காவில் உள்ள செய்தி என்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை. 1952-இல் லேமன், மேரி கட்புஷ் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் அணுக்கள் இருப்பதைக் கண்டு வெளியிட்டனர். இந்தியாவில் இக்குறை இருப்பதை உலகுக்கு அறிவித்த முதற் செய்திகளில் அது ஒன்று. இருளர், குறும்பர், பணியர் முதலிய குடிகளிலும், மத்திய இந்தியாவின் பழங்குடிகள் பலரிடமும் இக்குறை காணப்படுகிறது. 2023-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று இந்திய அரசு இதற்கெனத் தேசிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. 40 வயதுக்குட்பட்ட 7 கோடி மக்களைச் சோதிப்பதும், 2047-க்குள் இந்நோயைப் பொது நலத்துக்கு இடையூறாக இல்லாதபடி ஒழிப்பதும் அதன் நோக்கங்கள்.

குறை தாங்கிகள் இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு பேற்றிலும் குழந்தை நோயோடு பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. முதற் குழந்தை நோயுடன் பிறந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று எண்ணுவது தவறு. ஒவ்வொரு முறையும் கணக்குப் புதிதாகவே தொடங்குகிறது. எனவே, இக்குறை வழங்கும் குடிகளைச் சேர்ந்த இளைஞர்கள் மணத்துக்கு முன்னரே தம் குருதியைச் சோதித்து அறிந்துகொள்வது நன்று. அவ்வறிவு ஒருவரை இழிவுபடுத்துவதற்கு அன்று. முன்யோசனையோடு வாழ வழிகாட்டுவதற்கு.

நோயோடு பிறந்தவர்க்கும் இன்று நம்பிக்கை உண்டு. குழந்தைப் பருவத்தில் நாள்தோறும் பெனிசிலின் கொடுத்தால் கொடிய தொற்றுக்கள் பெரிதும் குறைகின்றன என்பதை 1986-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி மெய்ப்பித்தது. நிறையத் தண்ணீர் அருந்துதல், குளிரிலிருந்து உடலைக் காத்தல், தடுப்பூசிகள் போட்டுக்கொள்ளல், காய்ச்சல் கண்ட அன்றே மருத்துவரிடம் செல்லுதல் ஆகியவை எளியனவாயினும் உயிர் காப்பன. பிறந்த குழந்தையின் அணுக்கள் அவ்வளவாக வளைவதில்லை என்பதை 1948-இல் ஜேனட் வாட்சன் என்னும் மருத்துவப் பெண்மணி கவனித்தார். கருவில் இருக்கும்போது சுரக்கும் ஒரு தனி வகை ஹீமோகுளோபின் குழந்தையிடம் இன்னும் எஞ்சியிருப்பதே காரணம். அந்தச் சிறு கவனிப்பு பின்னாளில் பெரும் பயன் தந்தது. கருப்பருவ ஹீமோகுளோபினை மீண்டும் சுரக்கச் செய்யும் ஹைட்ராக்சியூரியா என்னும் மருந்து, வலி தரும் தாக்குதல்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்று 1995-இல் தெரியவந்தது. 2023-இன் இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் நோயாளியின் மஜ்ஜை அணுக்களில் மரபணுவையே திருத்தி அதே பயனைத் தரும் சிகிச்சைக்கு இசைவளித்தன. அதன் செலவோ மிகப் பெரிது. நீலகிரிக் காட்டுச் சரிவில் பிறக்கும் குழந்தைக்கு அது எட்டும் காலம் வரவேண்டும். அதுவரையில், ஜமைக்காத் தாயின் விரல்கள் கற்ற பாடம் எவருக்கும் எட்டக்கூடியதே.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளை மருத்துவராகலாம், சிலர் ஆசிரியராகலாம், பலர் பெற்றோராவீர்கள். வெளிறிய முகம் ஒன்றைக் காணும்போது குருதி குறைந்திருக்கிறது என்று சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். அது எங்கே போயிற்று என்று கேளுங்கள். உடைந்ததா, உண்டாகவில்லையா, ஓரிடத்தில் தேங்கியதா என்று கேட்டு விடை கண்டபின் செய்யும் உதவியே உதவி. ஏரியைக் காக்கும் உழவர் மண்வெட்டியைத் தூக்குமுன் கரையைச் சுற்றி வருவதும் இதற்காகத்தான்.